வயலும் வீடும் இருக்க, மறுபடி படிக்க

வேறு வேலைக்கு மாற நினைக்கும் டெல்டா பெற்றோர் எடுத்த எடுப்பில் பட்டப்படிப்புக்குப் பணம் கட்ட வேண்டாம். மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் ஒரு பாடம் படித்துப் பாருங்கள். கற்பது இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம்.

பருவங்கள் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். நமக்கோ தையில் சம்பா அறுவடை, ஜூன், ஜூலையில் குறுவை நடவு. மலைக்காதீர்கள்: ஸ்வயத்திலுள்ள 12 வார என்பிடெல் (ஐஐடிகள் வழங்கும்) பாடங்களில் வாராந்தரப் பயிற்சிகளில் சிறந்த 8 மட்டுமே கணக்கில் வரும். நடவு வாரத்தில் ஒன்றிரண்டு விட்டுப்போனாலும் பாதகமில்லை. இறுதித் தேர்வு மட்டும் மையத்தில் நேரில்தான். அன்று பிள்ளைகளை யார் பார்ப்பது என்று வீட்டில் முன்பே பேசிவையுங்கள்.

பட்டம்தான் வேண்டுமா? சென்னை ஐஐடி 2020-ல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் ஆன்லைன் பட்டப்படிப்புக்கு வயது வரம்பு கிடையாது. நடுவில் நிறுத்த நேர்ந்தாலும், முடித்த கட்டத்துக்கேற்பச் சான்றிதழோ டிப்ளமோவோ கையில் இருக்கும். சிறு பிள்ளை உள்ள வீட்டுக்கு இது பெரிய ஆறுதல்.

பொறியியல், நர்சிங், சட்டம், வேளாண்மைப் பட்டங்களை ஆன்லைனிலோ தொலைநிலையிலோ நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அனுமதிப்பதில்லை. “வீட்டிலிருந்தே பி.எஸ்சி. அக்ரி” என்று யாராவது வந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மற்ற படிப்புகளுக்கும், அந்தப் பல்கலைக்கழகத்தின் அந்தப் படிப்புக்கு இந்த ஆண்டு அனுமதி உண்டா என்று யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவுத் தளத்தில் பார்த்துவிட்டே சேருங்கள்.

தமிழக அரசு வேலைதான் குறி என்றால், பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பிறகு பட்டம் என்ற வரிசை முக்கியம். பிளஸ் டூ விடுபட்டிருந்தால் முதலில் அதை முடியுங்கள்.