சிறு தோட்டாவும் நெடுந்தொலைவும்

தமிழாசிரியர்க்குத் துவக்கோடு என்ன உறவு என்று பழைய மாணவர் சிலர் நகைக்கக்கூடும். பாரதத்திலே துரோணர் நடத்திய குறிபார்த்தற் பாடத்தை நாம் ஆண்டுதோறும் வகுப்பிற் சொல்லி வருகின்றோம். பறவையின் கண்ணன்றி வேறெதனையும் காணாத அருச்சுனனை யாவரும் அறிவர். அக்கண்ணைச் சென்று தைக்கும் பொருள் எத்தகையதாயிருத்தல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

மேசைமீது துவக்கைத் தாங்கிவைத்து, சுடுவோனது கைந்நடுக்கம் கலவாமல், துவக்கும் தோட்டாவும் எத்துணைத் திருத்தமுடையன என அளந்தறியும் போட்டி அமெரிக்காவிலே வளர்ந்தது. ஐந்து சன்னங்களும் ஒரே துளையிற் புகுதலே அதன் குறிக்கோள். அதற்கென 1975ஆம் ஆண்டில் பல்மிசானோ என்னும் வைத்தியரும் பின்டெல் என்னும் கருவி வினைஞரும் கூடி, 6 மில்லிமீற்றர் பி.பி.சி. என்ற குறுந்தோட்டாவை ஆக்கினர். அதற்கு அடிப்படையான கோது உருசிய விளையாட்டுத் தோட்டா ஒன்றினுடையது. அதுவோ 7.62×39 என்னும் போர்த்தோட்டாவின் கழுத்தை ஒடுக்கிச் செய்யப்பட்டது. அப்போர்த்தோட்டாவை நம்மவர்க்கு அறிமுகஞ் செய்தல் வேண்டா. ரி-56 துவக்கின் தோட்டா அதுவே. 1983 முதல் 2009 வரை நீடித்த போரிலே அதன் வெற்றுக்கோதுகளைப் பொறுக்கி விளையாடிய பிள்ளைகள் பலர் இன்று பெற்றோராயினர். உயிர் குடித்த கோதின் வழித்தோன்றலொன்று தாளிலே துளையிட்டு அளக்குங் கருவியாயிற்று என்பதைச் சற்று நின்று எண்ணாமற் கடந்துசெல்ல நம்மால் இயலவில்லை.

பி.பி.சி. குறுந்தொலைவுக்கே உரியது. தொலைவு நீளின் நீண்டு கனத்த சன்னம் வேண்டும். அதற்கேற்றது பி.ஆர். என்னும் இனம். சுவீடன் நாட்டு நோர்மா நிறுவனம் 1996இல் வெளியிட்ட 6 மில்லிமீற்றர் பி.ஆர். தோட்டாவின் கோது 40 மில்லிமீற்றர் நீளமும் இல்லை. அது கொள்ளும் மருந்து ஏறக்குறைய 30 கிறெயின், அஃதாவது இரண்டு கிராம். பெரிய மக்னம் தோட்டாக்கள் இதனின் இருமடங்குக்கு மேல் உண்பன. ஆயினும் 105 கிறெயின் சன்னத்தைச் செக்கனுக்கு 2,800 அடி வேகத்திற் செலுத்த இச்சிறியது போதும். மருந்து குறைதலால் உதைப்பும் வெப்பமும் குறைகின்றன. குழலும் நெடுநாள் உழைக்கும்.

இனிக் காற்று. கணக்கு விரும்பும் மாணவர் இதனைக் கருத்தூன்றிப் படித்தல் நன்று. பக்கக்காற்றாற் சன்னம் விலகும் அளவு, வளியின் தடையால் நேர்ந்த தாமதத்தைப் பொறுத்தது. தடையற்ற வெளியில் இச்சன்னம் 1,000 யாரை ஒரு செக்கனுக்குச் சற்று மேற்பட்ட நேரத்திற் கடக்கும். வளியிலோ ஒன்றரைச் செக்கனுக்கு மேலாகும். தாமதம் ஏறக்குறைய அரைச் செக்கன். மணிக்கு 10 மைல் வேகமுடைய காற்று அந்த அரைச் செக்கனில் 88 அங்குலம் செல்லும். சன்னமும் ஏறக்குறைய அவ்வளவே விலகும். ஏழு அடிக்கு மேல்! எனவே, தாமதத்தைக் குறைக்கும் கூர்த்து நீண்ட வடிவம் வேகத்தினும் பெரிதாகப் போற்றப்படுகின்றது. அத்தகு சன்னம் தலைதடுமாறாது செல்ல, குழலினுள் 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்னும் அளவில் அதனைச் சுழற்றிவிடுவர்.

சிறியதே யாண்டும் சிறந்தது என்பார் கூற்று நமக்கு உடன்பாடன்று. பெரிய தோட்டா செலுத்தும் கனத்த சன்னம் காற்றுக்குக் குறைவாகவே வளைந்துகொடுக்கும்; நிலையின்றி வீசும் நாளில் வெற்றி அதன் பக்கமாதல் கூடும். சிறியதைக் கையாள்வோன் காற்றை மணிக்கு ஒரு மைல் தவறாக மதித்தாலும் 1,000 யாரில் ஒன்பது அங்குலம் பிழைப்பான். ஆதலின் இலக்குவரை வழிநெடுகச் சிறு கொடிகளை நட்டுவைப்பர். ஆடி மாதத்திலே துறைமுகத்துக் கப்பற்கொடியும் கொட்டாஞ்சேனை மாடியில் உலரும் வேட்டியும் ஒரே வேளையில் இருவேறு திசை காட்டக் கண்டவர்க்கு, ஒரு கொடி ஏன் போதாது என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.