ஜீப் போன பிறகு வரும் பிள்ளைகள்

புதிதாகச் சேரும் பால்வாடி டீச்சர்கள் என்னிடம் கேட்பது பாட்டும் பட அட்டையும்தான். நான் தூக்கத்தில் இருந்து தொடங்குவேன். பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் அம்மாக்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் விடியுமுன்னே போடிமெட்டு ஏறிவிடும். அம்மாவோடு பிள்ளையும் எழுந்துவிடும். நம்மிடம் வரும்போது அதற்குப் பாதி நாள் முடிந்திருக்கும். உட்காரவைத்து ‘அ’ சொல்லச் சொன்னால் அழத்தான் செய்யும். முதலில் வயிற்றைப் பாருங்கள், ஒரு சத்துமாவு உருண்டை கொடுங்கள். கண் செருகினால் பாயை விரியுங்கள்.

“எல்.கே.ஜி. போற பிள்ளைக ஏ பி சி டி எழுதுதுக, எம் பேத்தி ஒரு எழுத்து எழுதலையே டீச்சர்?” என்று அப்பத்தாக்கள் சண்டைக்கு வருவார்கள். “ஏலக்காய் பொறுக்கப் போன மொத நாளே ஒங்களுக்குக் கை வந்துச்சா அப்பத்தா?” என்பேன். சிரித்துவிடுவார்கள்.

போடிக் கிடங்குகளில் காயைச் சல்லடையில் சலித்து, எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்டதைத் தனியே பிரிப்பார்கள். வெடித்ததையும் வெளுத்ததையும் கையால் பொறுக்குவார்கள். இதைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்குப் பெரிசு, சிறிசு, பச்சை, வெளுப்பு எல்லாம் ஏற்கெனவே தெரியும். அங்கிருந்தே பாடத்தைத் தொடங்கலாம். 1840இல் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்த ஜெர்மானியர் ஃப்ரோபெல், நூல் பந்தும் மரக்கட்டையும் கொடுத்தார். நமக்குப் புளியங்கொட்டையும் சிரட்டையும் போதும். ஆனால் மூன்று வயதுக்குள் கொட்டையே கூடாது. மூக்கில் நுழைத்துக்கொள்ளும், நாம் நோண்டினால் இன்னும் உள்ளே போகும். அப்படி ஆனால் எதுவும் செய்யாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். சின்னதுகளுக்குச் சிரட்டை மட்டும்.

ஆவணிக்கு மேல் காய் எடுப்பு. சிலர் பிள்ளையோடு மலைக்கே போய்த் தங்கிவிடுவார்கள். ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம். சின்னத் தோட்டங்களை அது தொடவில்லை. அங்கே பிள்ளை, செடி நிழலில் விரித்த சாக்கில்தான்.

திரும்பி வரும் பிள்ளை பழைய பாட்டை மறந்திருக்கும், மூலையில் ஒதுங்கும். கேள்வி கேட்காதீர்கள். தட்டு எடுத்துக் கொடுக்கிற வேலையைக் கொடுங்கள், மற்ற பிள்ளைகள் தானாகப் பெயர் சொல்லிக் கூப்பிடும். இன்னொன்று, வாரத்தில் மூன்று நாள் முட்டை உண்டல்லவா? மறுபடி கூட்டிவரும் முதல் நாள், முட்டை போடுகிற நாளாக இருக்கட்டும் என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.