உரியும் உதடு சொல்லும் செய்தி

"சொண்டு உரியுது, எண்ணெய் பூசியும் மாறேல்லை." இடம்பெயர்ந்த குடும்பங்களைச் சந்திக்கும்போது தாய்மார் சொல்லும் முறைப்பாடு இது. சிறிய விடயம் என்று நாம் தள்ளிவிடுகிறோம். ஆனால் மாறாமல் உரியும் உதட்டுக்குக் காரணம் ஒன்று உண்டு. அதைக் கண்டறியப் பழகுவோம்.

தோல் ஏன் உரிகிறது?

எமது தோலின் மேற்படை ஏறக்குறைய நான்கு வாரங்களில் உதிர்ந்து புதிதாகிறது. இது கண்ணுக்குத் தெரிவதில்லை. செதிலாகத் தெரிந்தால், தோலை ஏதோ தாக்குகிறது என்பதே பொருள். உதட்டுத் தோல் மிக மெல்லியது. ஆகவே விரைவில் காய்கிறது.

நாம் கவனிக்க வேண்டியவை மூன்று.

1. நாக்கு: காய்ந்த உதட்டை நக்கினால் சற்று நேரம் சுகமாக இருக்கும். எச்சில் காயும்போது உதடு மேலும் வறளும். செதிலைப் பிய்த்தால் புண்ணாகும். நக்காமல், பிய்க்காமல், நாளுக்குப் பல தடவை வாஸ்லின் அல்லது தேங்காய் எண்ணெய் பூசுவோம்.

2. சாப்பாடு: கடைவாய் வெடித்து, நாக்கும் சிவந்து எரிந்தால் உயிர்ச்சத்து பி2 குறைவாக இருக்கலாம். 1938இல் அமெரிக்காவில் செப்ரெல், பட்லர் என்ற மருத்துவர்கள் இதைக் காட்டினார்கள்: இச்சத்துக் குறைந்த உணவை உண்ட பெண்களுக்குக் கடைவாய் வெடித்தது, சத்தைக் கொடுத்ததும் மாறியது. இரத்தச்சோகையும் பூஞ்சணமும் இதே புண்ணை உண்டாக்கலாம். நிவாரணமாகக் கிடைக்கும் அரிசியும் மாவும் மட்டும் போதா. முருங்கையிலை, முட்டை, பால், மீன், பயறு ஆகியவற்றில் இயன்றதைச் சேர்ப்போம். அரிசியைப் பலமுறை கழுவாமலும், கஞ்சியை ஊற்றாமலும் இருப்போம். தீட்டிய பச்சையரிசியை விடப் புழுங்கலரிசியில் பி வகைச் சத்துகள் அதிகம்.

3. வெயிலும் வெற்றிலையும்: வயலில் நிற்பவரின் கீழுதடு வெயிலில் கருகி உரியும். தொப்பியோ தலைப்பாகையோ அணிவோம். புகையிலையும் சுண்ணாம்பும் வாயைப் புண்ணாக்கும்.

உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டியவர்கள்

• கால் வீங்கி, தோல் உரியும் பிள்ளை. இது கடும் போசாக்கின்மையாக இருக்கலாம்.
• புதிய மருந்து எடுத்தபின் காய்ச்சல், வாய்ப்புண், உடம்பெங்கும் தோல் உரிதல் உள்ளவர். கையில் மருந்தையும் கொண்டுபோக வேண்டும்.

மூன்று வாரமாகியும் ஆறாத புண் அல்லது தடிப்பு உதட்டில் இருந்தால், நோவில்லை என்று காத்திராமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். அது புற்றுநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம்; ஆரம்பத்தில் கண்டால் குணமாக்கலாம்.

சிந்திப்போம், செய்வோம்

எமது குடிசையைச் சுற்றி உண்ணக்கூடிய இலைகள் எவை? சொந்தக் காணி இல்லாவிட்டாலும், வேலியோரம் ஒரு முருங்கைக் கதியால் நட இடம் கிடைக்காதா? அடுத்த கூட்டத்தில் இதைப் பேசி, யார் யார் நடுவது என்று முடிவெடுப்போம்.