அண்டை வீட்டு விழா

விழா என்ற சொல்லைக் கேட்ட அளவிலே தோரணமும் வாணவேடிக்கையும் மேளமுழக்கமும் நம் மனக்கண்முன் தோன்றும். ஆயினும், ஓசை சிறிதும் இன்றிக் கணவனும் மனைவியுமாக இருவர் தம் இல்லத்தில் கொண்டாடிய விழா ஒன்று, ஐம்பது ஆண்டுகள் கடந்த பின்னும் என் உள்ளத்தை விட்டு அகலவில்லை.

தண்பொருநை என்று புலவர் போற்றும் தாமிரவருணி ஆற்றின் அருகே அமைந்த நகரம் பாளையங்கோட்டை. பள்ளிகளும் கல்லூரிகளும் மலிந்த அந்நகரில், 1826-ஆம் ஆண்டில் எழுந்த தேவாலயம் ஒன்று உண்டு. அதன் கோபுரம் ஊசிபோல் ஓங்கி நிற்றலால், மக்கள் அதனை ஊசிக்கோபுரம் என்றே வழங்குவர். அக்கோபுரத்து மணியோசை கேட்கும் தெருவில்தான் எங்கள் வீடும் இருந்தது. அடுத்த வீட்டில் தமிழாசிரியர் ஒருவரும் அவர்தம் மனைவியாரும் வாழ்ந்தனர். அவர்கள் கிறித்தவர்கள். பெண்மக்கள் இருவரும் மணமாகி வெளியூர் சென்றுவிட்டனர். இரு வீட்டுக்கும் இடையே ஒரே சுவர், திண்ணையும் ஒன்றே.

ஆண்டுதோறும் கிறிஸ்து பிறந்த நாள் நெருங்கியதும், ஆசிரியர் மூங்கிலைச் சிம்புகளாக்கி விண்மீன் வடிவில் கட்டுவார். வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே விளக்கு அமைத்து வாயிலில் தொங்கவிடுவார். பசைக் கிண்ணம் ஏந்தி நிற்பது என் வேலை. அம்மையார் அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் செய்து தெருவெல்லாம் வழங்குவார். இரவில் ஆசிரியர் தேம்பாவணியிலிருந்து சில பாடல்களை இசையோடு படிப்பார். இத்தாலி நாட்டிலிருந்து வந்த வீரமாமுனிவர், 3615 பாடல்களில் சூசையப்பரைத் தலைவராக வைத்துப் பாடிய காப்பியம் அது. திண்ணையில் அமர்ந்து என் அன்னையும் அதனைக் கேட்டு மகிழ்வார்.

1970-ஆம் ஆண்டு மார்கழி பிறந்த மூன்றாம் நாள் என் அன்னை இறந்தார். அப்பொழுது நான் எட்டாம் வகுப்பு மாணவன். எங்கள் இல்லம் இருளில் மூழ்கியது.

டிசம்பர் 24-ஆம் நாள் மாலையில் தெருவெங்கும் விண்மீன்கள் ஒளிர்ந்தன; வெடிகள் முழங்கின. அடுத்த வீடு மட்டும் அமைதியாக இருந்தது. பலகாரம் பொரியும் மணமும் இல்லை. மூங்கிற் சட்டம் தாள் ஒட்டப்படாமல் ஒரு மூலையில் சாய்ந்து கிடந்தது. என் தந்தையார் இதனைக் கண்டார். துக்கம் காப்பவர் பிறர் வீட்டினுள் புகலாகாது என்பது எங்கள் வழக்கம். ஆதலின் அவர்கள் வாயிற்படிக்கு வெளியே நின்று, “ஐயா, விளக்கு ஏன் ஏற்றவில்லை?” என்று வினவினார்.

ஆசிரியர் விரைந்து வெளியே வந்தார். “அண்ணாச்சி, உங்கள் வீடு இப்படி இருக்கும்போது எங்கள் வாயிலில் விண்மீன் எதற்கு? சத்திரத்தில் இடமின்றி மாட்டுத் தொழுவத்தில் தங்கிய கணவனும் மனைவியும் கண்ட விழா அல்லவா இது? அன்று அவர்களிடம் என்ன ஆரவாரம் இருந்தது? நாங்கள் இருவரும் அமைதியாக வணங்கிக்கொள்கிறோம்” என்றார்.

தந்தையார் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, “அவள் ஆண்டுதோறும் பார்த்து மகிழ்ந்த விளக்கு ஐயா அது. எங்கள் பொருட்டு அது எரியாமல் இருக்க வேண்டா. பையனை அனுப்புகிறேன், அவன் பசை பிடிக்கட்டும்” என்றார்.

அன்றிரவு ஆசிரியரும் நானும் வெள்ளைத்தாள் மட்டும் ஒட்டி அவ்விண்மீனை முடித்தோம். அது வாயிலில் ஏறியதும் அம்மையார் முன்றானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார். ஆசிரியர் தேம்பாவணியை எடுத்தார். இசையின்றி, மெல்லிய குரலில் அவர் படிக்க, அம்மையார் அருகில் அமர்ந்து கேட்டார். திண்ணையின் மறுபுறம் தந்தையாரும் நானும் இருந்தோம். வைகறையில் கோபுரமணி ஒலித்தது. வழிபாட்டிற்குச் சென்று திரும்பிய அம்மையார், சோறும் குழம்பும் சமைத்து எங்களுக்குக் கொண்டுவந்தார். பின்பு என் பாட்டியின் அருகில் அமர்ந்து, நெடுநேரம் அவர் கையைப் பற்றிக்கொண்டிருந்தார். அவ்வீட்டு விழா அவ்வளவே.

மாணவர்களே! பிறர் துயர் கண்டு இரங்கும் பண்பைக் கண்ணோட்டம் என்பர். திருவள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். அயலார் துயருற்றபோது தம் மகிழ்ச்சியை அடக்கிக்கொண்டனர் அவ்விருவர். தம் துயரால் அயலாரின் விழா மங்கலாகாது என்று எண்ணினார் என் தந்தையார். ஒருவர் விட்டுக்கொடுத்ததை மற்றவர் திருப்பிக்கொடுத்தார். சமயம் வேறாயினும் சுவர் ஒன்றாக வாழும் மக்களிடையே இப்பண்பு நிலவுமாயின், ஒவ்வொரு விழாவும் ஊரார் அனைவர்க்கும் உரியதாகும்.