களிம்புக்கு அடங்காத எரிச்சல்

ஜவுளிக்கடையில் வேலை. சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது, அடிக்கடி முட்டுகிறது. தோழி சொன்ன அரிப்புக் களிம்பு கேட்கவில்லையே, ஏன்? – வாசகி, மதுரை

களிம்பு பாவம், என்ன செய்யும்? அது பூஞ்சைக்கானது, உங்களுக்கு வந்திருப்பது பெரும்பாலும் சிறுநீர்த் தொற்று. பூஞ்சையென்றால் அரிப்பு பிடுங்கும், தயிர்க்கட்டி போல வெள்ளைபடும். மீன்வாடையோடு சாம்பல் நிறத்தில் நீர்த்துப் பட்டால் அது பாக்டீரியா, மருந்தே வேறு. சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். டாக்டர் தரும் மாத்திரையை, எரிச்சல் அடங்கியதும் பரணில் போடாமல், முழுக்கச் சாப்பிடுங்கள். குளிர்ஜுரம், விலாவலி வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள்.

கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பீர்களே, அதுதான் வினை. குடியுங்கள், அடக்காதீர்கள். முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள். வாசனை திரவமெல்லாம் வேண்டாம். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டுமென 2021-லேயே தமிழகத்தில் சட்டம் வந்துவிட்டது; கழிப்பறைக்கான இடைவேளையையும் கூச்சப்படாமல் கேளுங்கள்.