கண்ணாடித் தொட்டியில் ஒரு கடல்

கடலுக்குத் தமிழில் பெயர் பல. ஆழமுடைமையால் அஃது ஆழி எனப்பட்டது. பரந்து கிடத்தலால் பரவை எனப்பட்டது. இவ்விரு பெயர்களும் கடலின் தோற்றத்தை மட்டும் கூறுவன அல்ல. கடல்வாழ் உயிர்கள் நலமுற்று வாழ்வதற்குரிய காரணத்தையும் நமக்கு உணர்த்துகின்றன. எண்ணிறந்த உயிர்கள் நாள்தோறும் கடலிற் பிறக்கின்றன; உண்கின்றன; கழிவை வெளிவிடுகின்றன; இறக்கின்றன. வெயில் காய்கின்றது, மழை பொழிகின்றது. ஆயினும், நடுக்கடலின் நீர் சட்டென்று நஞ்சாவதும் இல்லை, சுடுவதும் இல்லை, உவர்ப்புக் குன்றுவதும் இல்லை. பரப்பும் ஆழமும் கூடி எல்லா மாற்றங்களையும் தாங்கிக்கொள்கின்றன.

அத்தகைய கடலிலிருந்து நூறு லிட்டர் நீரை மட்டும் பிரித்து ஒரு கண்ணாடித் தொட்டியில் அடைத்தால், அதற்கு ஆழமும் இல்லை, பரப்பும் இல்லை. அவை செய்துவந்த தொழிலை இனி யார் செய்வது? தொட்டியை வைத்திருப்பவனே செய்தல் வேண்டும். கடல் மீன் வளர்க்கும் கலை முழுவதும் இவ்வொரு கடமையுள் அடங்கும்.

இக்கலையின் தொடக்கம் நம் சிந்தனைக்குரியது. 1846-ஆம் ஆண்டில் ஆன்னா தைன் என்னும் ஆங்கிலப் பெண்மணி, டார்க்கி என்னும் கடற்கரை ஊரிலிருந்து சில பவள உயிர்களை இலண்டன் மாநகரிலுள்ள தம் இல்லத்திற்குக் கொண்டுவந்தார். கடலோ நெடுந்தொலைவில் இருந்தது. நீரை நாள்தோறும் மாற்றுதல் இயலாது. ஆதலின், பணிப்பெண்ணைக்கொண்டு அந்நீரைத் திறந்த சாளரத்தின் அருகே ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்திற்கு நெடுநேரம் ஊற்றி ஊற்றிக் காற்றேற்றச் செய்தார். கடலில் அலை செய்யும் பணியை அங்கே மனிதக் கை செய்தது. அவ்வுயிர்களும் பிழைத்தன. 1853-ஆம் ஆண்டில் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்கள் காணும் பொருட்டு மீன்காட்சிச்சாலை ஒன்று திறக்கப்பட்டது. நம் நாட்டிலும் 1909-ஆம் ஆண்டில் சென்னை மெரினாக் கடற்கரையில் ஒரு மீன்காட்சிச்சாலை திறக்கப்பெற்றது.

இனி, முதன்முதல் தொட்டி அமைப்பான் அறியவேண்டுவன யாவை எனக் காண்போம்.

சிறிய தொட்டி எளிது என்று பலர் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. நீர் குறையக் குறைய மாற்றம் விரைந்து நிகழும். ஒரு குவளை நீரைக் கலக்கிவிடும் அழுக்கு ஒரு குளத்தைக் கலக்குவதில்லை அன்றோ? ஆதலின், தொடங்குவோர்க்கு நூறு லிட்டர் அளவினதாகிய தொட்டி ஏற்றது. நீர் மட்டுமே நூறு கிலோவுக்கு மேல் எடையுடையது. கல்லும் மணலும் அதனொடு சேரும். எனவே, அசையாத, சமமான, உறுதியான பலகையின்மேல் தொட்டியை வைத்தல் வேண்டும். நேர் வெயில் படும் இடம் ஆகாது. நீர் சூடேறுவதோடு பாசியும் மிகும். உப்புநீர் இரும்பை அரித்துவிடும். செம்பு கலந்த நீரோ இறால், நத்தை முதலியவற்றைக் கொல்லும். ஆதலின், நீரினுள் எவ்வகை உலோகமும் இருத்தல் கூடாது. அலைக்கு ஈடாக நீரைச் சுழற்றும் சிறு பம்பு ஒன்று இரவும் பகலும் ஓடிக்கொண்டிருத்தல் வேண்டும்.

அடுத்தது நீர். கடற்கரையில் முகந்த நீரை அப்படியே ஊற்றலாமே எனின், அது தக்கதன்று. கரையோர நீரில் ஊர்க்கழிவு கலந்திருக்கக்கூடும். அதிலுள்ள கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் மடிந்து அழுகுதலும் உண்டு. சமையல் உப்பைக் கரைத்து ஊற்றுதலும் பயன்படாது. கடல் உப்பில் நூற்றுக்கு ஏறக்குறைய 85 பங்கு சோடியமும் குளோரைடும் ஆகும். எஞ்சிய பங்கில் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட்டு முதலியன உள்ளன. இவையின்றிக் கடலுயிர்கள் வாழா. இவையனைத்தும் அளவறிந்து சேர்த்த கடலுப்புக் கலவை கடைகளிற் கிடைக்கின்றது. எதிர் சவ்வூடு பரவல் முறையால் தூய்மை செய்த நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் இதனைக் கரைத்தல் வேண்டும். நூறு லிட்டருக்கு மூன்றரைக் கிலோ ஆகும். ஒரு நாள் முழுதும் நீரைச் சுழலவிட்டுப் பின்னர் நீரடர்மானியால் அளந்தால், அதன் ஒப்படர்த்தி 1.025 என்னும் அளவை ஒட்டி இருத்தல் வேண்டும்.

இப்பொழுது தொட்டி நிறைந்துவிட்டது. நீரோ பளிங்குபோல் தெளிந்திருக்கின்றது. மீனை விடலாமா? விடலாகாது. தொடங்குவோர் பலருடைய மீன்கள் மடிவது இவ்விடத்திலேதான்.

மீன்கள் தம் செவுள்களின் வழியே அம்மோனியா என்னும் பொருளை வெளிவிடுகின்றன. உண்ணாது எஞ்சிய இரை அழுகினாலும் அதுவே தோன்றும். அது கொடிய நஞ்சு. ஆயினும், அதற்கு நிறம் இல்லை. தெளிந்த நீரிலும் அது மறைந்து நிற்கும். கடலில் ஒருவகை நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சே. வேறொரு வகை நுண்ணுயிர்கள் அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றன. உருசிய நாட்டு அறிஞராகிய செர்கேய் வினோகிராட்ஸ்கி 1890-ஆம் ஆண்டளவில் இந்நுண்ணுயிர்களைப் பிரித்துக் காட்டினார். புதிய தொட்டியில் இவை போதிய அளவில் இரா. நுண்துளை மிக்க கற்களிலும் மணலிலும் இவை பற்றிப் பெருகுதல் வேண்டும்.

அதற்கு வழி யாது? கற்களை அடுக்கி, நன்கு நிலைபெற்ற வேறொரு கடல்நீர்த் தொட்டியிலிருந்து ஒரு பிடி மணலை வாங்கி இடுக. ஒரு சிட்டிகை மீன் இரையையும் இடுக. இரை அழுகி அம்மோனியா ஆகும். அதனை உண்டு நுண்ணுயிர் பெருகும். நீரைச் சோதிக்கும் கரைசல்கள் சில துளி விட்டால் நிறம் மாறி நஞ்சின் அளவைக் காட்டும். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும். பின்னர் நைட்ரைட்டு ஏறி இறங்கும். இரண்டும் இல்லையாகி நைட்ரேட்டு மட்டும் தோன்றும்பொழுதே தொட்டி உயிர்களை ஏற்கத் தகுதி பெறும். இதற்கு நான்கு முதல் ஆறு வாரம் வரை செல்லும். சில வேளை மேலும் செல்லும். அத்தனை நாளும் வெறுந்தொட்டியையே பார்த்துக்கொண்டிருத்தல் அரிதுதான். ஆயினும், காத்திருக்க மாட்டாதவனுடைய அவசரத்திற்கு விலை கொடுப்பது அவன் அல்லன்; வாயற்ற மீனே.

தொட்டி பக்குவமான பின், முதலில் கோமாளி மீன் இரண்டினை விடுதல் நன்று. செம்மஞ்சள் உடலில் வெண்பட்டை தீட்டிய இச்சிறு மீன், கடலில் கொட்டும் இயல்புடைய கடற்சாமந்தியின் இழைகளுக்கிடையே அஞ்சாது வாழ்வது. எனினும், கடற்சாமந்தி இல்லாமலும் இது தொட்டியில் நலமாக வாழும். கடற்சாமந்தியை வளர்த்தல் தொடங்குவோர்க்கு அரிது. மீன் வந்த பையை அரை மணி நேரம் தொட்டி நீரில் மிதக்கவிட்டு, தொட்டி நீரைச் சிறிது சிறிதாக அதனுட் கலந்து, பின்னரே மீனை விடுதல் வேண்டும். இரண்டொரு நிமிடத்தில் உண்டு முடிக்கும் அளவே இரை இடுக.

அன்றாடக் காவலில் மறவாது கருதவேண்டுவது ஒன்றுண்டு. நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. நூறு லிட்டரில் பத்து லிட்டர் குறைந்தால், லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு ஏறக்குறைய 39 கிராம் ஆகிவிடும். ஆகவே, கண்ணாடியில் நீர்மட்டத்தைக் கோடிட்டு வைத்து, குறைந்த அளவுக்கு நாள்தோறும் உப்பில்லாத தூய நீரையே ஊற்றுதல் வேண்டும். நீரின் வெப்பம் 25 முதல் 27 பாகை செல்சியஸ் வரை இருத்தல் நலம். நம் கோடையில் அது மிகும். சூடான நீரில் உயிர்வளி குறைவு. நீர்ப்பரப்பின்மேல் மின்விசிறியின் காற்றைச் செலுத்தினால் வெப்பம் சிறிது தணியும். மின்சாரம் நின்றால் பயன்படுமாறு மின்கலத்தால் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்றையும் வைத்திருத்தல் வேண்டும். வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை அகற்றி, முன்னரே கரைத்து வைத்த புதிய உப்புநீரைச் சேர்த்துவரின், தேங்கும் நைட்ரேட்டுக் குறையும்.

இங்குப் பிறிதொரு கடமையையும் கூறுதல் வேண்டும். பிலிப் ஹென்றி காஸ் என்னும் இயற்கையறிஞர் 1854-ஆம் ஆண்டில் மீன் தொட்டியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதனைக் கற்றோர் பலர் கடலுயிர்பால் காதல் கொண்டு, கூடையும் சாடியும் ஏந்திக் கடற்கரைக்கு விரைந்தனர். பாறைச் சுனைகளிலிருந்த உயிர்களை வாரிச் சென்றனர். அழகு நிறைந்த அச்சுனைகள் வெறுமையாயின. அவருடைய மகனாரே 1907-ஆம் ஆண்டில் தாம் எழுதிய நூலில் இக்கேட்டினை வருத்தத்தோடு பதிவு செய்தார். கேடு செய்தோர் கடலை வெறுத்தவர் அல்லர், விரும்பியவரே.

நம் மன்னார் வளைகுடாவிலும் பவளமும் வண்ண மீனும் மலிந்த திட்டுகள் உள்ளன. அங்குள்ள 21 தீவுகளையும் சூழ்ந்த கடற்பகுதி 1986-ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பவளத்தை எடுத்தல் சட்டப்படி குற்றம். கோமாளி மீனோ குஞ்சு பொரிப்பகங்களில் வளர்க்கப்படுகின்றது. அவ்வாறு வளர்ந்த மீனையே கேட்டு வாங்குதல் வேண்டும். பவளத்திற்கு ஈடாகச் செயற்கைக் கற்களையே அடுக்குதல் வேண்டும். ஒரு தொட்டியை நிரப்பும் பொருட்டுக் கடலை வெறுமையாக்குதல் அறம் ஆகாது.

மாணவர்களே! தொட்டிக்கருகில் அமர்ந்து நாள்தோறும் நீரின் அளவையும் உப்பையும் வெப்பத்தையும் குறித்து வருபவன், ஒரு சிறு தொட்டியைக் காக்க இத்தனை உழைப்பு வேண்டுமோ என வியப்பான். இவ்வளவையும் கூலி கேளாமல் செய்துவரும் பெருங்கடலின் அருமை அப்பொழுது அவனுக்கு விளங்கும். அவ்வருமையை உணர்ந்தவன் கடலில் ஒரு பிடி குப்பையும் எறியத் துணியான்.