வெட்டு எந்தப் பக்கம் சரியும்?

பாகான் செராய்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பா,

உன் கடிதமும் புலனத்தில் அனுப்பிய ஆறு படங்களும் கிடைத்தன. கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அச்சக வேலையை இப்போது விடாதே. கோலாலம்பூர் பதிப்பாளர் கேட்கிற பிள்ளைகள் கதைப்புத்தகத்தை ஒப்புக்கொள். 24 படம், நாலு மாதத் தவணை என்றால் ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்தே முடிக்கலாம். முடியாமல் திணறினால் அதையும் சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே தெரிந்துகொள்வது நல்லது.

உன் அப்பா போனில், “படம் போட்டுச் சோறு தின்ன முடியுமாண்ணே?” என்று கேட்டான். கடைகளுக்குப் போர்டு எழுதியும், ஞாயிறு பதிப்புகளில் சிறுகதைக்குப் படம் போட்டும் நான் இந்த ஊரில் தின்றது சோறுதான் என்றேன். ஆனாலும் அவன் பயத்தில் நியாயம் இருக்கிறது. போர்டு எழுதுகிற வேலையைப் பிளாஸ்டிக் பேனர் அச்சடிக்கும் இயந்திரம் கொண்டுபோனதை அவன் கண்ணால் பார்த்தவன். இப்போது சொன்னதை வரைந்து தருகிற கணினியும் வந்துவிட்டது. இனி மனுஷன் போடுகிற படத்துக்கு என்ன வேலை என்று நீயும் உள்ளுக்குள் கேட்டுக்கொண்டிருப்பாய்.

அதற்கு உன் படத்திலேயே பதில் இருக்கிறது. ஆறில் ஐந்தாவது, பால்மரம் சீவுகிற அம்மா படம். கணினியில் வந்த ஒன்றைப் பார்த்துப் போட்டதாக எழுதியிருந்தாய். சேலையின் மேல் சட்டை, தலையில் துண்டு, நெற்றியில் விளக்கு எல்லாம் அழகு. பாட்டியிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிப் பார்த்துவிட்டு, “யாருடா இவ, மரத்தைக் கெடுக்க வந்தவளா?” என்று கேட்டார். உன் படத்தில் வெட்டு வலப்பக்கம் உயர்ந்து இடப்பக்கம் சரிகிறது. மரத்தின் முன்னால் நிற்பவர் கண்ணுக்கு அது இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்க வேண்டும், ஏறக்குறைய 30 பாகைச் சரிவில். பட்டைக்குள் பால் ஓடுகிற குழாய்கள் நேராக நிற்பதில்லை. லேசாக வலப்பக்கம் சாய்ந்து மேலேறும். இடமிருந்து வலமாகச் சரித்துச் சீவினால்தான் நிறையக் குழாய்கள் அறுபட்டுப் பால் கூடுதலாக வரும். வெட்டு முடிகிற இடத்திலிருந்து நேர்கோடாக ஒரு கீறல் இறங்கும். அதன் அடியில் ஒரு சின்னத் தகரம், தகரத்தின் கீழே பால் பிடிக்கிற மங்கு. இதெல்லாம் பாட்டியின் கைக்குத் தெரியும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த வாசகர்களுக்கும் தெரியும். படத்தைப் பார்த்த கணமே, ‘இவளுக்கு நம்மைத் தெரியாது’ என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள்.

கணினியோடு போட்டி போட்டு வழவழப்பாக வரைய நீ கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. அதை அது உன்னைவிட மலிவாகச் செய்யும். இந்த வெட்டு எந்தப் பக்கம் சரியும் என்று தெரிந்த கைக்குத்தான் இனி விலை. கிரியான் பக்கத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து எவ்வளவோ காலமாகிறது. ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் நின்றவர்கள், பால் வாளி தொங்கும் காண்டா சுமந்தவர்கள் எல்லாரும் இப்போது தாமான் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் கால்விரலை, முட்டியை, வெற்றிலை மடிக்கிற விதத்தை வரைய இன்னும் சில வருஷம்தான் இருக்கிறது. முகம் வரைய எல்லாரும் ஆசைப்படுவார்கள். நீ முதலில் கையை வரை. எதையாவது பிடித்திருக்கிற கையை வரை.

ஓவியர் கோபுலுவைப் பற்றி நான் அடிக்கடி சொல்வது உனக்கு அலுத்திருக்கும். இருந்தாலும் இன்னொரு தடவை கேள். தஞ்சாவூரில் பிறந்து, கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்து, ஆனந்த விகடனில் ஓவியர் மாலியிடம் தேறியவர் அவர். ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடராக வந்தபோது அவர் போட்ட நாயனக்காரரைப் பார். மூச்சு இழுத்த கன்னம், அங்கவஸ்திரம் நழுவுகிற தோள், பக்கத்தில் தவில்காரரின் தொடை வரை எல்லாம் தஞ்சாவூர். பேச்சே இல்லாத நகைச்சுவைப் படங்களும் போட்டார். எழுத்தின் துணை இல்லாமல் சிரிக்க வைப்பதென்றால் உடம்பின் வளைவு ஒவ்வொன்றும் பேசவேண்டும். பிறகு விளம்பரத் துறைக்குப் போய் ஆட்வேவ் என்று சொந்த நிறுவனமே நடத்தினார். படம் போடுகிறவனுக்கு வியாபாரம் தெரியக்கூடாது என்று நம் ஆட்கள் சொல்கிற பழைய கதையை நீ நம்பாதே.

இன்னொருவர் நம் பேராக்காரர், கார்ட்டூனிஸ்ட் லாட். முகம்மது நோர் காலிட் என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. 1951இல் கோப்பெங் பக்கத்துக் கம்பத்தில் பிறந்தவர். 1964இல், 13 வயதில், அவருடைய ‘தீகா செகாவான்’ சித்திரக்கதையைப் பினாங்குப் பதிப்பாளர் ஒருவர் வெளியிட்டார். கிடைத்தது 25 வெள்ளி. அந்த வயதில் அவருக்கு வழிகாட்டியவர் ரெஜபாட் என்கிற மூத்த கார்ட்டூனிஸ்ட். ஈப்போ ஆண்டர்சன் பள்ளியில் படிப்பை முடித்துத் தலைநகருக்குப் போய்ப் பத்திரிகையில் கார்ட்டூனிஸ்ட் வேலை கேட்டால், இடமில்லை என்றார்கள். குற்றச் செய்தி நிருபர் வேலைதான் கிடைத்தது. அதை வாங்கிக்கொண்டார். போலீஸ் ஸ்டேஷனும் கோர்ட்டுமாக அலைகிற வேலை அது. நாட்டில் இருக்கிற எல்லா இனத்து முகமும், கோபமும் அழுகையுமாக, அங்கே வந்து நிற்கும். பின்னால் அவர் போட்ட சீக்கியக் கல்யாணத்தையும் காப்பிக்கடைச் சீனரையும் பார்க்கும்போது, அந்த அலைச்சல் வீண்போகவில்லை என்றுதான் எனக்குத் தோன்றும்.

நிருபர் ஆவதற்கு முன்பே, 1968இல், ‘கெலுவார்கா சி மாமாட்’ என்ற தொடரைப் பெரித்தா மிங்கு பத்திரிகையில் தொடங்கியிருந்தார். வாரா வாரம் வந்த அந்தத் தொடர் 26 வருஷம் ஓடியது. உன்னிடம் நான் முக்கியமாக எதிர்பார்ப்பது இதைத்தான். மனசு வந்தால் வரைவேன், வராவிட்டால் இல்லை என்பவர்களைப் பத்திரிகைக்காரர்கள் ஒரு தடவைதான் பொறுத்துக்கொள்வார்கள். 1974இல் ஆசியா மேகசினில் சுன்னத்துச் சடங்கைப் பற்றி அவர் போட்ட படங்களைப் பார்த்த பிறகுதான் நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் அவரைக் கார்ட்டூனிஸ்டாகவே வைத்துக்கொண்டது. அவருடைய ‘கம்பொங் பாய்’ புத்தகம் 1979இல் வந்தது. சம்பளத்தை விட்டு வெளியே வந்தது 1984இல். 13 வயதில் அச்சேறியவர் 33 வயதில்தான் தனியாள் ஆனார். உனக்கு 22. அவசரம் எதற்கு?

வெளியே வந்ததும் அவர் செய்ததைக் கவனி. தன் புத்தகங்களையும் கதாபாத்திரங்களையும் பார்த்துக்கொள்ள ‘கம்பொங் பாய்’ என்ற பெயரிலேயே நிறுவனம் தொடங்கினார். படம் ஒரு தடவை விற்றுத் தீர்கிற சரக்காக இல்லாமல், அவருக்கே திரும்பத் திரும்பச் சம்பாதித்துக் கொடுத்தது. 2006இல் அந்தப் புத்தகம் அமெரிக்கப் பதிப்பாகவும் வந்தது.

இப்போது உன் பதிப்பாளருக்கு வருகிறேன். மொத்தமாக ஒரு தொகை தருகிறார், கையெழுத்துப் போடச் சொல்கிறார் என்கிறாய். நம் நாட்டின் 1987ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டம் 26ஆம் பிரிவு சொல்வது இது: ஒருவர் கேட்டு, காசு கொடுத்து வரையச் சொன்ன படத்தின் உரிமை, மாற்றாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவருக்குப் போய்விடும். நீ வரைந்தாய் என்பதற்காகவே உனக்கு இருந்துவிடாது. நம் ஆட்களில் பாதிப் பேர் இதை நேர்மாறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். (அச்சகத்தில் வேலையாக நீ போடுகிற படங்களும் முதலாளிக்குத்தான். அவற்றை வெளியே விற்காதே.) ஆகவே ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வரி வேண்டும்: படங்களின் பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும், இந்தப் புத்தகத்தின் தமிழ் அச்சுப் பதிப்புக்கு மட்டும் பயன்படுத்தப் பதிப்பாளருக்கு அனுமதி உண்டு. மலாயில் போட்டாலோ, பையிலும் சட்டையிலும் அச்சடித்தாலோ தனிப் பேச்சு. அவர் முகம் சுளித்தால், முழு உரிமைக்கு முழு விலை என்று தொகையைக் கூட்டிச் சொல். கொடுக்கக்கூடாது என்பதில்லை, தெரியாமல் கொடுக்கக்கூடாது. அட்டையிலோ உள்ளேயோ உன் பெயர் இருக்கவேண்டும் என்பதையும் எழுதி வாங்கு.

காசு விஷயம் சுருக்கமாக. பாதி முன்பணம் வராமல் பென்சிலை எடுக்காதே. பென்சில் படத்துக்கு ஒப்புதல் வாங்கிவிட்டு மை போடு. திருத்தம் எத்தனை தடவை என்று முதலிலேயே சொல்லிவிடு, இல்லாவிட்டால் ‘அந்தப் பூனையைக் கொஞ்சம் சிரிக்க வையுங்களேன்’ என்று தீபாவளி வரை இழுப்பார்கள். வியாபாரம் பதிகிற எஸ்எஸ்எம்மில் பெயரைப் பதிந்துகொள். கடைப்பெயரில் என்றால் வருஷத்துக்கு 60 ரிங்கிட், சொந்தப் பெயரில் 30. பாக்கி வராமல் போனால் 5,000 ரிங்கிட் வரை வக்கீல் இல்லாமலே சிறு கோரிக்கை வழக்குப் போட மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வழி இருக்கிறது. தனியாளான பிறகு சேமநிதியான கேடபிள்யூஎஸ்பியில் நீயாகவே பணம் கட்டு, ஐ-சாரான் திட்டம் உன் மாதிரி ஆட்களுக்காகத்தான். அறுபது வயசில் ஓவியனுக்கு முதலில் போவது கண். இதை நான் உனக்கு விளக்க வேண்டியதில்லை, என் கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

விலை கூடின டேப்லட்டை இப்போது வாங்காதே. முன்பணம் வந்ததும் யோசி.

ஒப்பந்தத் தாளைப் படம் பிடித்து முதலில் எனக்கு அனுப்பு. சட்டம் படித்த உன் அத்தை மகனிடமும் ஒரு தடவை காட்டிவிடுவோம். சனிக்கிழமை ஈப்போவில் இடிஎஸ் ரயில் ஏறி வந்துவிடு. வண்டியில் தூங்காமல், எதிரில் உட்காருகிறவர் கையை வரைந்துகொண்டு வா. ஸ்டேஷனுக்கு நான் மோட்டாரில் வருகிறேன். பாட்டி பழைய சீவு கத்தியைப் பரணிலிருந்து எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறார். உன் படத்தைத் திருத்த அவருக்கு ஒரு மத்தியானம் வேண்டுமாம்.

இப்படிக்கு,
பெரியப்பா